நோவோடு வாழத்தான் வேண்டுமா? அக்குபங்சரும் இயற்கை வழிகளும்

"நாரி உளையுது", "பிடரி விறைச்சிப் போச்சு", "முழங்கால மடக்க ஏலாது" - நமது வீடுகளில் இச்சொற்கள் கேட்காத நாளில்லை. சுபஹுக்கு எழுந்து அடுப்பை மூட்டுவது முதல் இரவில் கடைசிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பது வரை, நிற்பதும் குனிவதும் தூக்குவதுமாகவே ஓர் இல்லத்தரசியின் நாள் கழிகிறது. திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவுகிறாள். இடுப்பில் பிள்ளையைச் சுமந்தபடி உலை வைக்கிறாள். நிறைந்த வாளியைத் தூக்குகிறாள். தையல் மெஷினின் முன்னால் மணிக்கணக்காகக் குனிந்திருக்கிறாள். உடம்பு நோகாமல் என்ன செய்யும்?

நோவு வந்ததும் அவள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். அல்லது கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் வேலைக்கு எழும்புவாள். இவ்விரண்டையும் தவிர வேறு வழிகளும் உண்டு. அவற்றுள் சில மிகப் பழையவை. இன்றைய விஞ்ஞானம் அவற்றைச் சோதித்துப் பார்த்து, எது எவ்வளவு பயன் தரும் என்று ஓரளவு சொல்லியும் இருக்கிறது. அவற்றைப் பற்றித்தான் இங்கு பேசப் போகிறோம்.

நோவு ஒரு செய்தி

சூடான தாச்சியில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக் கொள்கிறோம். அந்த நோவு இல்லாவிட்டால் கை வெந்து போய்விடும். இவ்வாறு உடலுக்குக் காவற்காரனாக நிற்பதே நோவின் முதல் வேலை.

ஆனால் மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் நோவின் கதை வேறு. சில வேளைகளில் பட்ட காயம் ஆறிய பின்னரும் நரம்புகளும் மூளையும் அந்த எச்சரிக்கையை விட்டுவிடுவதில்லை. கள்ளன் போன பின்னும் விடியும் வரை குரைத்துக்கொண்டிருக்கும் நாயைப் போன்றது அது. இதனை நாட்பட்ட நோவு என்பர். உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 62 கோடிப் பேர் நாரி நோவினால் அவதியுற்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே சகோதரியே, நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நீங்கள் மட்டுமல்ல.

நோவைப் பிரித்தறிய வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் மாமேதை இப்னு ஸீனா. கி.பி. 1037இல் மறைந்த அவர், தமது 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் நோவை 15 வகைகளாகப் பிரித்து விளக்கினார். நோவைத் தணிக்க மருந்துகளை மட்டும் அவர் கூறவில்லை. நெடுநேரம் மெதுவாக நடப்பதும், மனத்தை முழுமையாக ஈர்க்கும் காரியத்தில் ஈடுபடுவதும் நோவைத் தணிக்கும் என்றார். இன்றைய ஆய்வுகளும் அவ்வழியிலேயே வந்து நிற்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்பீர்கள்.

நமது பேச்சு மொழியிலும் நோவுக்கு எத்தனை பெயர்கள்! குத்து, குடைச்சல், கடுப்பு, எரிவு, உளைவு, விறைப்பு, இழுவை, சுள்ளென்று பாய்வது என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வைத்தியரிடம் செல்லும்போது "உடம்பெல்லாம் நோவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே பாய்கிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று சொல்லுங்கள். எரிவும் மரத்துப் போவதும் நரம்பைக் காட்டக்கூடும். காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு மூட்டுவாதத்தைக் காட்டக்கூடும். பாதி வைத்தியம் சரியாகச் சொல்வதிலேயே இருக்கிறது.

முதலில் டாக்டர், பிறகு மற்றவை

இயற்கை வைத்தியம் பற்றிப் பேசுமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில நோவுகளுக்கு ஊசியும் எண்ணெயும் ஒத்தணமும் கூடவே கூடாது. அவற்றைத் தணிக்க முனைந்து நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. பின்வருவன ஏற்பட்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்:

நெஞ்சில் அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கு மாரடைப்பு சில வேளைகளில் குமட்டலாகவும் கடும் களைப்பாகவும் மாத்திரமே வெளிப்படும். "வாய்வு" என்று சொல்லி இஞ்சிக் கஷாயம் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

நாரி நோவுடன் கால் பலம் குறைதல், தொடைகளுக்கிடையே மரத்துப் போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழிக்க முடியாமற் போதல்.

காய்ச்சலுடன் கூடிய முதுகு நோவு. ஒரு மூட்டு மட்டும் சூடாகிச் சிவந்து வீங்குதல். காரணமின்றி உடல் மெலிதல். முன்னர் புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு நோவு.

வாழ்நாளில் அனுபவித்திராத வகையில் திடீரென வெடிக்கும் தலையிடி. கர்ப்பிணிக்குத் தலையிடியுடன் கண் மங்கினால் அது இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல். மாதவிடாய் நின்ற வயதினர் சிறிதாக வழுக்கி விழுந்த பின்னர் தொடரும் நோவு. எலும்பு தேய்ந்தவர்களுக்கு இலேசான விழுகையும் முறிவாகலாம்.

இவற்றுள் எதுவுமில்லை, டாக்டர் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிட்டார், ஆனாலும் நோவு விடவில்லை என்பவர்களுக்கே இனி வரும் பகுதிகள்.

குளிசையின் கணக்கு

குளிசை ஹராமான பொருளல்ல. தேவைக்கு அளவோடு பாவித்தால் நல்ல துணைதான். ஆனால் அளவு தெரிய வேண்டும். பனடோல் என்று நாம் வாங்கும் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசையை, வளர்ந்த ஒருவர் 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் எடுக்கலாகாது. மெலிந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அதனினும் குறைவாகவே எடுக்க வேண்டும். தடிமலுக்கு வாங்கும் குளிசைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் தம்மையறியாமலே அளவைத் தாண்டுகின்றனர். அளவு மீறினால் ஈரல் கெடும்.

புரூபன், டைக்குளோபினக் போன்றவை வேறு இனம். வீக்கத்தை வற்றச் செய்யும். ஆனால் நாட்கணக்கில் எடுத்தால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நீரிழிவும் அழுத்தமும் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

இன்னொரு வியப்பும் உண்டு. மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் தலையிடிக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு, அந்தக் குளிசையே தலையிடியை வரவழைக்கும். குளிசை, தலையிடி, மறுபடியும் குளிசை என்று அது ஒரு சுழலாகிவிடும். உங்கள் கைப்பையில் எப்போதும் ஓர் அட்டைக் குளிசை இருந்தால், இம்மாதம் எத்தனை நாட்கள் எடுத்தீர்கள் என்று கலண்டரில் ஒரு புள்ளியிட்டு எண்ணிப் பாருங்கள்.

ஊசி வைத்தியம் வந்த வழி

அக்குபங்சர் சீன நாட்டின் வைத்தியம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசர்' மருத்துவ நூலிலேயே இது விரிவாகப் பேசப்பட்டுள்ளது. 'அக்குபங்சர்' என்பதோ சீனச் சொல் அன்று. ஊசி, குத்துதல் என்று பொருள்படும் இரு இலத்தீன் சொற்களைச் சேர்த்து 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வைத்த பெயர் அது. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

மேலை நாட்டார் இதன் பக்கம் திரும்பியதற்கு ஒரு பத்திரிகையாளரின் வயிற்று நோவும் காரணமாயிற்று. 1971 ஜூலையில் பீக்கிங் சென்றிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தனர். மறுநாள் வயிறு உப்பி அவதியுற்றபோது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி குத்தினர், உபாதை தணிந்தது. அவர் எழுதிய கட்டுரை அமெரிக்கா முழுதும் பேசப்பட்டது. ஊசியை மட்டும் குத்தி அவரது வயிற்றைக் கீறினார்கள் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது கட்டுக்கதை. சத்திரசிகிச்சை வழமையான மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியே நடந்தது. ஊசி வந்தது அதன் பிறகுதான். நல்ல வைத்தியத்தைக் கெடுப்பவை இத்தகைய மிகைப்படுத்தல்களே.

நமது நாட்டுக்கும் இது புதிதன்று. 1970களில் சீனா சென்று இதனைக் கற்று வந்த டாக்டர் அன்ரன் ஜயசூரிய, களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் சிகிச்சை நிலையத்தை நடத்தினார். பிற நாட்டு வைத்தியர்களும் அங்கு வந்து பயின்று சென்றனர்.

எப்படிக் குத்துவார்கள்?

ஊசி என்றதும் பயப்படாதீர்கள். இது மருந்தேற்றும் ஊசியல்ல. உள்ளே துவாரமில்லாத, மயிரைப் போல மெல்லிய உருக்கு ஊசி. அதன் பருமன் பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் அளவே. படுக்க வைத்தோ சாய்ந்திருக்கச் செய்தோ, தெரிந்தெடுத்த இடங்களில் குத்தி, 20 அல்லது 30 நிமிடங்கள் விட்டுவைத்துக் கழற்றுவர். குத்தும்போது எறும்பு கடித்தாற்போல ஒரு சுரீர். பிறகு அவ்விடத்தில் ஒரு பாரம், மரமரப்பு, இழுவை தோன்றும். சில இடங்களில் மூலிகைத் திரியைக் கொளுத்தித் தோலுக்கருகே பிடித்துச் சூடு காட்டுவதும் உண்டு. ஒரே தடவையில் அற்புதம் நடந்துவிடாது. கிழமைக்கு ஒன்றிரண்டு முறையாக ஆறு முதல் பன்னிரண்டு தடவைகள் வரை செல்ல வேண்டியிருக்கும். அரைவாசித் தூரம் சென்றும் எந்த மாற்றமும் இல்லையென்றால் தொடர்ந்து பணத்தை இறைக்க வேண்டியதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? 'சீ' என்னும் உயிராற்றல் உடலெங்கும் தடங்களில் ஓடுவதாகவும், தடைப்பட்டால் நோவு வருவதாகவும் பழைய சீனர் விளக்கினர். உடலை அறுத்தாய்ந்த விஞ்ஞானம் அத்தகைய தடங்களைக் கண்டதில்லை. அந்தத் தத்துவத்தை நம்பினால்தான் சிகிச்சை பெறலாம் என்றும் இல்லை. விஞ்ஞானம் தரும் விளக்கம் வேறு. பிள்ளை விழுந்து முழங்கால் அடிபட்டு ஓடி வந்ததும் உம்மா என்ன செய்கிறாள்? அவ்விடத்தைத் தடவிவிடுகிறாள். அழுகை குறைகிறது. தடவும் உணர்வு நோவின் செய்தியை முள்ளந்தண்டிலேயே மறித்துவிடுகிறது என்று மெல்சாக், வோல் என்னும் இரு அறிஞர்கள் 1965இல் விளக்கினர். நமது உடலே நோவைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்பதும் 1975இல் ஸ்கொட்லாந்தில் நடந்த ஆய்வில் கண்டறியப்பட்டது. ஊசி குத்தும்போதும் இப்பொருள்கள் சுரப்பதாகப் பல பரிசோதனைகள் காட்டியுள்ளன.

உண்மையில் பலன் உண்டா?

ஜெர்மனியில் நாட்பட்ட நாரி நோவுள்ள 1162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2007இல் வெளியிட்டனர். ஒரு கூட்டத்தாருக்கு முறைப்படி அக்குபங்சர் செய்தனர். இரண்டாவது கூட்டத்தாருக்கு, அவர்கள் அறியாமல், அக்குபங்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினர். மூன்றாவது கூட்டத்தாருக்குக் குளிசை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழமையான சிகிச்சை. ஊசிக் கூட்டத்தார் அரை மணி நேரம் வீதம் பத்துத் தடவைகள் வந்து சென்றனர்.

ஆறு மாதங்களின் பின் பார்த்தபோது, வழமையான சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 27 பேரே குறிப்பிடத்தக்க சுகம் கண்டிருந்தனர். முறையான அக்குபங்சர் பெற்றோரில் நூற்றுக்கு 48 பேர் தேறியிருந்தனர். ஆனால் 'பொய்' ஊசி குத்தப்பட்டோரிலும் நூற்றுக்கு 44 பேர் தேறியிருந்தனர்!

இதிலிருந்து நாம் என்ன விளங்கிக் கொள்வது? ஊசி பலன் தருகிறது என்பது மெய். வழமையான சிகிச்சையை விட அதிகமாகவே தந்திருக்கிறது. ஆனால் இன்ன புள்ளியில் தான் குத்த வேண்டும் என்ற நுணுக்கம் நாம் நினைப்பது போல் முக்கியமானதாகத் தெரியவில்லை. தோலில் எங்கே குத்தினாலும் நரம்புகள் தூண்டப்படுகின்றன என்பர் சிலர். சுகம் வரும் என்ற நம்பிக்கையே பாதி மருந்து என்பர் வேறு சிலர்.

ஒரு பெண்ணின் நாளோடு இதைப் பொருத்திப் பார்க்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. கிழமைக்கு இரு தடவை, அரை மணி நேரம், யாரும் கூப்பிடாத ஓர் அறையில் அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். "எங்கே நோகிறது?" என்று ஒருவர் நிதானமாகக் கேட்கிறார், நோகும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். நமது தாய்மாரில் எத்தனை பேருக்கு இது வீட்டில் கிடைக்கிறது?

இவ்வாய்வுகளின் பயனாக, நாட்பட்ட நாரி நோவுக்கும் முழங்கால் தேய்வு நோவுக்கும் அக்குபங்சர் செலவை அரச காப்புறுதி ஏற்கலாம் என ஜெர்மனி முடிவு செய்தது. இங்கிலாந்திலோ 2009இல் நாரி நோவுக்குப் பரிந்துரைத்து, 2016இல் அதை நீக்கி, 2021இல் காரணம் புலப்படாத நாட்பட்ட நோவுக்குச் செய்து பார்க்கலாம் என்றனர். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நாரி நோவு வழிகாட்டியிலும் ஊசி வைத்தியத்துக்கு நிபந்தனையுடன் இடம் தரப்பட்டுள்ளது. அறிஞர்களிடையே விவாதம் முடியவில்லை. நாரி, கழுத்து, முழங்கால் தேய்வு, அடிக்கடி வரும் தலையிடி ஆகியவற்றுக்குச் செய்து பார்க்கலாம். நீரிழிவைப் போக்கும், புற்றுநோயைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்பவரிடம் போகவே வேண்டாம்.

போவதற்கு முன்

முதலாவது, செய்பவர் யார், எங்கே கற்றார், பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துவாரம் விழக்கூடும். அனுபவமில்லாதவரின் கையில் இது விளையாட்டல்ல.

இரண்டாவது, முத்திரையிட்ட பொதியை உங்கள் கண் முன்னால் பிரித்து, ஒரு தடவை பாவித்து வீசும் ஊசியையே குத்த வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமி தொற்றக்கூடும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

மூன்றாவது, கர்ப்பமாக இருந்தாலும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுத்தாலும், இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சும் ஊசி ஆகாது.

நான்காவது, பெண் வைத்தியரைத் தேடுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் உள்ள புள்ளிகளே பல நோவுகளுக்குப் பாவிக்கப்படுகின்றன. எனவே தேவையான இடத்தை மட்டும் திறந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமையுண்டு.

ஐந்தாவது, வெறும் வயிற்றுடன் செல்லாதீர்கள்; தலை சுற்றும். இதனாலேயே நோன்பு நாட்களில் பகலில் ஊசி குத்திக்கொள்வதைத் தவிர்த்து, இரவிலோ பெருநாளுக்குப் பின்னரோ வைத்துக் கொள்வது நல்லது.

நமது சமூகத்தில் நன்கறியப்பட்ட ஹிஜாமாவுக்கும் இந்த எச்சரிக்கைகள் பொருந்தும். இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவில் கத்தியும் கிண்ணமும் சுத்தமாக, ஆளுக்கு ஆள் புதிதாக இருக்க வேண்டும். இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேளாமல் செய்யலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கீறல் ஆறத் தாமதமாகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக் கூடியவை

ஊசிக்குப் பணமும் பயணமும் வேண்டும். வீட்டிலுள்ள வழிகளுக்கு அவை வேண்டியதில்லை.

சூடு: நாட்பட்ட நாரி, கழுத்து, தசைப் பிடிப்புக்குச் சூடு நல்லது. சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றியோ, தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்தோ 15 நிமிடங்கள் ஒத்தணம் கொடுங்கள். மாதவிடாய் வயிற்று நோவுக்கு அடிவயிற்றில் சூடு கொடுப்பது குளிசைக்கு ஈடாகச் சுகம் தருவதாக ஆய்வுகளில் கண்டுள்ளனர். வெட்கத்தால் சொல்லாமல் சுருண்டு கிடக்கும் குமரிப் பிள்ளைகளுக்கு உம்மாமார் இதனைச் செய்து கொடுக்கலாம். ஆனால் மாதந்தோறும் எழும்பவே முடியாத அளவுக்கு நோவு என்றால் பெண் டாக்டரிடம் காட்டுங்கள். "கலியாணம் முடிச்சாச் சரியாகும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

குளிர்: கால் சுளுக்கிய முதல் இரண்டு நாட்களுக்குச் சூடு வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 அல்லது 15 நிமிடங்கள் வைத்தெடுங்கள். நீரிழிவினால் பாதம் மரத்துப் போனவர்கள் சூட்டையும் குளிரையும் பாதத்தில் வைக்கவே கூடாது. வெந்து போவது அவர்களுக்குத் தெரியாது.

எண்ணெய், தைலம்: நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்ப்பதில் சூடும் தடவலும் சேர்ந்தே சுகம் தருகின்றன. வீங்கிச் சிவந்த மூட்டை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

மிளகாய்: கொச்சிக்காய் அரைத்த கை எரிவதை அறியாத பெண்ணில்லை. அந்த எரிவைத் தரும் பொருளைக் கொண்டே, சூட்டை உணரும் நரம்பு வாயிலை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் கண்டறிந்தார். 2021இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அதே பொருளைச் சேர்த்த களிம்பைப் பல நாட்கள் தொடர்ந்து பூசினால் நரம்பு களைத்து நோவு குறைகிறது. பார்மஸியில் கேட்டு வாங்கிப் பூசலாம். அரைத்த கொச்சிக்காயை எடுத்து முழங்காலில் அப்பிவிடாதீர்கள், தோல் புண்ணாகும்!

மஞ்சள்: கறியில் போடும் மஞ்சள் நல்லதே. ஆனால் மஞ்சட் சாரத்தை அடைத்து விற்கும் கெப்சூல்களை அளவின்றி எடுத்ததால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டுள்ளது. பெயரும் விபரமும் இல்லாத 'மூட்டு வலித் தூள்'களை வாங்கவே வேண்டாம். அத்தகையவற்றில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாளில் நோவு பறந்து போகும். சில மாதங்களில் முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு தேயும்.

தேநீர்: நோன்பின் முதல் நாட்களில் தலையிடியா? நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடித்தவர்கள் திடீரென நிறுத்துவதும் ஒரு காரணம். நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வாருங்கள். ஸஹரில் தண்ணீரும் தாராளமாகக் குடியுங்கள்.

நடையே பெரிய மருந்து

இவை எல்லாவற்றையும் விடப் பலன் தருவது அசைவுதான். நாரி நோவு வந்தால் நாட்கணக்காகப் படுத்துக் கிடக்கச் சொன்ன காலம் போய்விட்டது. 2024இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், நாரி நோவு வந்து சுகமான 701 பேரைக் கவனித்தனர். சிறிது சிறிதாகக் கூட்டி நடக்கப் பழகியவர்களுக்கு நோவு மறுபடி வரச் சராசரியாக 208 நாட்கள் சென்றன. நடக்காதவர்களுக்கோ 112 நாட்களிலேயே வந்துவிட்டது. இப்னு ஸீனா சொன்ன மெதுவான நடையை இங்கே நினைத்துப் பாருங்கள்.

"வீட்டு வேலையே நடைதானே" என்பீர்கள். குசினியில் நிற்பதும் திரும்புவதும் நடையாகாது. அஸருக்குப் பிறகோ காலையிலோ பக்கத்து வீட்டுச் சகோதரியுடன் சேர்ந்து பத்து நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். வெளியில் வசதியில்லையென்றால் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். கிழமைக்குக் கிழமை ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

முழங்காலுக்கு ஒரு பயிற்சி: கதிரையில் நிமிர்ந்திருந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து வரை எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு வேளை. தொடை பலமடைந்தால் முழங்காலின் சுமை குறையும். உடல் எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தாலே, ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. ஸுஜூதுக்குச் சென்று எழும்ப முடியாதவர்களுக்கு மார்க்கம் இலகுவைத் தந்திருக்கிறது. கதிரையில் அமர்ந்து தொழுவதை எண்ணி மூத்த தாய்மார் மனம் நோக வேண்டியதில்லை.

வேலை செய்யும் முறையையும் மாற்றுங்கள். திருவலையை மேசை மேல் பூட்டும் வகையாக மாற்றலாம். பெரிய வாளிக்குப் பதில் இரு சிறிய வாளிகளை இரு கைகளிலும் பிடிக்கலாம். பிள்ளையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்கலாம்.

வீட்டாருக்கும் ஒரு சொல்

இந்தப் பக்கத்தை ஆண்களும் பிள்ளைகளும் படிக்க வேண்டும். ஜெர்மனியின் அந்த ஆய்வுக்காரர் கொடுத்த அரை மணி நேரத்தை நமது வீட்டிலும் கொடுக்க முடியும். இராச் சாப்பாட்டின் பின் பாத்திரங்களை மகன் கழுவட்டும். தண்ணீர் வாளியைக் கணவர் தூக்கட்டும். மாமியின் காலுக்கு மருமகளும் மருமகளின் பிடரிக்கு மாமியும் எண்ணெய் தேய்த்து விடட்டும். "எங்கே நோகுது?" என்று ஒருவர் கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கட்டும்.

சகோதரிகளே, பொறுமை உயர்ந்த பண்புதான். அதற்காக நோவை மறைத்து நாளைக் கடத்த வேண்டியதில்லை. நோவு தரும் செய்தியைக் கேளுங்கள். காரணத்தை டாக்டரிடம் அறிந்து கொள்ளுங்கள். பிறகு ஊசியோ, ஒத்தணமோ, நடையோ உங்களுக்குத் தோதானதைத் தெரிந்தெடுங்கள். எதைத் தெரிந்தெடுத்தாலும் நாளுக்கு அரை மணி நேரத்தை உங்கள் உடம்புக்கென்று ஒதுக்குங்கள். உங்கள் உடம்பும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.